சாயங்காலம் எனேபிள்டு, காலையில் டிசேபிள்டு

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் பாதி வேலை, இருக்கிற ஒன்றை இருக்கிறது என்று சொல்வதுதான். மீதிப் பாதி, "இதை ஏன் முன்னாடியே யாரும் சொல்லலை?" என்று கேட்பவர்களைச் சமாதானப்படுத்துவது.

பீளமேட்டில் காலேஜ் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்து மாடியில் என் கடை. படியேறி வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "சார் இல்லீங்களா?" என்பார்கள். எங்கள் கடையில் சார் கிடையாது. ஸ்க்ரூடிரைவர் பிடிப்பதும் நான்தான், பில் போடுவதும் நான்தான். அது புரிந்து உட்கார்ந்ததும் இப்போதெல்லாம் பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்வி: "இந்தக் கம்ப்யூட்டர்ல விர்ச்சுவலைசேஷன் இருக்குதுங்களா?"

இந்தத் தொல்லை இன்னும் உங்கள் வீட்டுக்கு வராவிட்டால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரைக் குடிவைக்கலாம். சொந்த வீட்டில் ஒரு போர்ஷனை வாடகைக்கு விடுவது மாதிரி. அதற்குப் பிராசஸரில் அந்த வசதி இருக்க வேண்டும். இருந்தாலும் போதாது. விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கிற பயாஸ் என்கிற செட்டிங் பக்கத்தில் அதை ஆன் செய்தும் வைத்திருக்க வேண்டும். ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்க்க டாஸ்க் மேனேஜரில் ஒரு மூலையில் ஒரே ஒரு வரி. எனேபிள்டு, அல்லது டிசேபிள்டு. அந்த வரியைத் தேடிக் கண் பூத்துப்போனவர்கள் நம்மில் நிறையப் பேர். உங்களை நம்பித்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். இதில் ஒன்று என் நிம்மதியையே கெடுத்துவிட்டது. அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

எல்லாத்தையும் போட்டுவிட்ட பையன்

இரண்டாம் வருஷம் இன்ஜினியரிங் படிக்கிற பையன் ஒருவன் லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். மறுநாள் லேப் தேர்வு. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டிக் காட்ட வேண்டும். வீடியோ பார்த்துப் பயாஸுக்குள் போய் விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்திருக்கிறான். அதிலிருந்து லேப்டாப் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது.

உள்ளே போய்ப் பார்த்தேன். விர்ச்சுவலைசேஷன் ஆன் ஆகித்தான் இருந்தது. கூடவே அந்தப் பக்கத்தில் இருந்த அத்தனையும் ஆன் ஆகியிருந்தன. அடுத்த பக்கமும் அப்படியே. கல்யாண மண்டபத்தில் சீரியல் லைட் போட்ட மாதிரி வரிசையாக எனேபிள்டு, எனேபிள்டு. எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் தள்ளிவிட்டு, வேண்டிய ஒன்றை மட்டும் ஆன் செய்து கொடுத்தேன். லினக்ஸ் வந்ததும் பையனுக்கு உயிர் வந்தது, எனக்கும்தான். போகும்போது கேட்டேன், ஒண்ணை ஆன் பண்ணச் சொன்னா ஏன் சாமி எல்லாத்தையும் பண்ணினே என்று.

"எல்லாத்துலயும் டிசேபிள்டு, டிசேபிள்டுன்னே போட்டிருந்துதுங்க்கா. பாக்கவே பாவமா இருந்துச்சு."

ரத்தப் பரிசோதனை

பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிற ஒருவர் போன் செய்தார். அவர் மகள் மொபைல் ஆப் செய்யக் கற்றுக்கொள்கிறாள். லீவுக்கு வரும்போது வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே வேலை செய்ய வேண்டுமாம். அதற்கு விர்ச்சுவலைசேஷன் வேண்டும், இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள் அப்பா என்று சொல்லியிருக்கிறாள். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறத் தயாராக இருந்தார். வேண்டாங்க, போன்லயே பார்த்துக்கலாம் என்றேன்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அமுக்கச் சொன்னேன். "ஒரு கைல போனிருக்குதுங்களே" என்றார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். டாஸ்க் மேனேஜர் வந்தது. பெர்ஃபார்மன்ஸ், அப்புறம் சி.பி.யு., கீழே பாருங்கள் என்றேன். மனிதர் கீழே பார்க்கவில்லை. மேலே இருந்து ஒவ்வொரு வரியாக, எழுத்துக் கூட்டி, எண்ணோடு வாசிக்க ஆரம்பித்தார். லேபிலிருந்து வந்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாசிப்பது போலக் குரல் கம்மிக்கொண்டே போனது. ஒவ்வொன்றுக்கும் "இது சரிங்களா?" என்று கேட்டார். நானும் சரிங்க, சரிங்க என்றே வந்தேன். கடைசியில் ஒருவழியாக அந்த வரியை வாசித்தார், "விர்ச்சுவலைசேஷன், எனேபிள்டு." அது நல்லதுங்களா கெட்டதுங்களா என்றார். ரொம்ப நல்லதுங்க, எல்லாம் சரியா இருக்குது என்றேன். மூச்சு விட்டது எனக்கு இங்கே கேட்டது.

"அப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கீட்டு வரவேண்டியதில்லீங்களா?"

பழசுக்குப் புதுசில் ஒரு போர்ஷன்

இனி என் நிம்மதியைக் கெடுத்த கதை. சிங்காநல்லூர் குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டறை. பம்ப்செட்டுக்கு உள்ளே போகிற பாகங்களைச் செய்கிறார்கள். முதலாளி சென்னியப்பன். அங்கே கம்ப்யூட்டரில் டிராயிங் போடுகிற பெண் கலாமணி. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அந்த நாற்காலி அவருடையது. இத்தனை வருஷத்து டிராயிங்கும் ஒரு பழைய புரோகிராமில் இருந்தது. அந்தப் புரோகிராம் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அதை ஓட்டிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டர் ஒரு நாள் மொத்தமாகக் கண்ணை மூடிவிட்டது.

சென்னியப்பன் வேறு கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். பட்டறைக்கு அது புதுசு, ஆனால் ஏதோ ஆபீஸில் கழித்துப்போட்டது. அதை என் கடைக்குக் கொண்டுவந்து, பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்ததை அப்படியே எடுத்து, புதுசுக்குள் பழைய கம்ப்யூட்டரைக் குடிவைத்தேன். விர்ச்சுவலைசேஷன் டிசேபிள்டு என்றிருந்தது. பயாஸுக்குள் போய் ஆன் செய்தேன். ஒரு வாரம் என் மேசையிலேயே ஓடியது, ஒரு குறையும் இல்லை. பட்டறையில் கொண்டுபோய் வைத்ததும் கலாமணி பழைய டிராயிங் ஒன்றைத் திறந்து பார்த்தார். கோடு ஒன்றும் குறையவில்லை என்று கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆனாலும் புது மானிட்டரையும் கீபோர்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. இருந்தாலும் பழசு பழசுதானுங்க."

அந்த ஒரு வார்த்தை அவர் தலைக்கே வரும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

மறுக்கா அதே கதை

மறுநாள் காலையில் சென்னியப்பன் போன். உள்ளே இருக்கிற பழைய கம்ப்யூட்டர் திறக்கவில்லை. கடையில் கைவேலையை முடித்துவிட்டு மத்தியானம் போனேன். பார்த்தால், டிசேபிள்டு. நாம்தான் சேவ் செய்யாமல் வந்துவிட்டோமோ என்று என்மேலேயே சந்தேகம். மறுபடி ஆன் செய்து, சேவ் செய்து, இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு வந்தேன். எனேபிள்டு. சாயங்காலம் பட்டறையை மூடும்வரை கலாமணி வேலை செய்திருக்கிறார்.

அடுத்த நாள் காலையில் டிசேபிள்டு. அதற்கும் அடுத்த நாளும் அதேதான். எத்தனையோ பயாஸ் பார்த்தவள் நான், சாயங்காலம் சொன்ன பேச்சைக் காலையில் மறக்கிற பயாஸை அதுவரை பார்த்ததில்லை. பீளமேட்டுக்கும் சிங்காநல்லூருக்கும் என் ஸ்கூட்டி தானாகவே போய்வரப் பழகிவிட்டது. இப்படி ஒரு வாடிக்கையாளர் உங்களுக்கும் வாய்த்திருப்பார். சென்னியப்பன் கோபிக்கிற ஆள் இல்லை. அவர் மரியாதையாகப் பேசப் பேசத்தான் எனக்குக் கூச்சமாக இருந்தது.

"ஏனுங் அம்மணி, நீங்க வந்து தொட்டாத்தான் ஓடுமுன்னா, உங்களுக்கும் இங்கயே ஒரு சேர் போட்டுறட்டுங்களா?"

யாரோ மாத்தறாங்க

சென்னியப்பனின் தங்கை மகன் நந்தகுமார் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறார். விஷயம் தெரிந்தவர், கெட்டவரும் இல்லை. பட்டறைக்கு வந்து எல்லாவற்றையும் பார்த்தார். பயாஸ் செட்டிங் தானாக மாறாது, உள்ளே போய் யாராவது மாற்றினால்தான் மாறும் என்றார். அதில் தப்பு ஒன்றும் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. அப்படி என்றால் யார்? காலையில் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுகிறவர் ஒருவர்தான். பழசு பழசுதான் என்று சொன்னதும் அவர்தான்.

கலாமணியின் முகத்தில் ஈயாடவில்லை. நந்தகுமார் மாமாவிடம் மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லோர் காதிலும் விழுந்தது. சனிக்கிழமைக்குள் இது சரியாகவில்லை என்றால் டிராயிங் வேலையை வெளியே ஒரு டிசைன் கம்பெனிக்குக் கொடுத்துவிடலாம், அவர்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுத் தருவார்கள். அதுவரைக்கும் பயாஸுக்குப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிடலாம் என்றும் சொன்னார். பூட்டு எனக்குப் பிடிக்கவில்லை. அதோடு பிரச்சனை நின்றாலும் கலாமணி மேல் விழுந்த சந்தேகம் நிற்காது, ஆயுசுக்கும் கூடவே வரும். சனிக்கிழமை காலையில் என் கடையைத் திறப்பதற்கு முன்னால் நானே வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றேன். சென்னியப்பன் தலையாட்டினார்.

கலாமணி என்னை வண்டிவரை வந்து வழியனுப்பினார். பையன் பிளஸ் டூ என்றார். வேறு இடத்தில் போய் இந்த வயதில் புதுப் புரோகிராம் கற்றுக்கொண்டு சேர முடியுமா என்றார். ஸ்கூட்டியைக் கிளப்பினேன்.

"எனக்கு அந்தப் பயாஸுக்குள்ள எப்படிப் போறதுன்னே தெரியாதுங்க மேடம். அதையாச்சும் அவங்ககிட்டச் சொல்லுங்க."

எஃப் ஒன்

சனிக்கிழமை காலையில் நான் போனபோது சென்னியப்பன் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். உள்ளே போய் மெயின் சுவிட்சை மேலே தள்ளினார், டியூப் லைட் எல்லாம் எரிந்தது. சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றினார். லீவு நாள் என்பதால் நந்தகுமாரும் வந்து நின்றார். கலாமணி டிபன் பையை வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்து பட்டனை அமுக்கினார்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஏதோ இரண்டு வரி வந்தது. படிக்க வாயெடுப்பதற்குள் கலாமணியின் விரல் கீபோர்டின் மேல் வரிசைக்குப் போய் ஒன்றைத் தட்டியது. எழுத்து மறைந்து விண்டோஸ் வந்தது. வாசல் தெளிக்கிறவர் கோலப்பொடி டப்பாவை எடுப்பது மாதிரி, அவ்வளவு பழக்கமாக.

"சித்த இருங்க கலாமணி. இப்ப என்ன அமுத்துனீங்க?"

"எஃப் ஒண்ணுங்க. காலைல எஃப் ஒண்ணு அமுத்தச் சொல்லிக் கேக்குமுங்களே."

"தினமுமா?"

ஆமாம் என்று தலையாட்டினார். நான் வருவதெல்லாம் மத்தியானம். ஒருமுறை அதை அமுக்கிவிட்டால் அன்றைக்கு எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் அந்த எழுத்து வராது. என் கடையில் வந்ததே இல்லை. அங்கே கரண்டு நிற்பதே கிடையாது, யு.பி.எஸ். பார்த்துக்கொள்ளும். தேதி, நேரம் தப்பாகக் காட்டியிருந்தாலாவது பிடித்திருப்பேன். அதையும் இந்தப் பாழாய்ப்போன கம்ப்யூட்டர் நெட்டைப் பார்த்துத் தானே திருத்திக்கொண்டுவிட்டது. இத்தனை நாளும் இதை ஏன் சொல்லலை என்று கேட்டேன். கலாமணி நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தார்.

"பழைய கம்ப்யூட்டரும் தினமும் கேக்குமுங்களே. எல்லாக் கம்ப்யூட்டரும் காலைல கேக்கறதுதான்னு நெனச்சனுங்க."

கும்பிட்டு இறக்குகிற கை

சென்னியப்பனிடம் திரும்பினேன். பொழுதோட பட்டறையை எப்படி மூடுவீங்க என்று கேட்டேன். இதென்ன கேள்வி என்பது போலப் பார்த்தார். அவருடைய அப்பா காலத்தில் ஒரு முறை பட்டறை மூடிய பிறகு வயர் தீப்பிடித்துவிட்டதாம். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு முதலாளி தன் கையாலேயே மெயின் சுவிட்சை இறக்கி, ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஷட்டரை இழுப்பார். வேறு யாரையும் அதைத் தொட விட்டதில்லை. ஒரு நாள்கூட மறந்ததும் இல்லை.

நான் கம்ப்யூட்டரில் விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்தேன். எனேபிள்டு என்ற வரியை மூவருக்கும் காட்டினேன். கம்ப்யூட்டரை ஆஃப் செய்தேன். எல்லோரும் கம்ப்யூட்டரை விட்டுத் தள்ளி நில்லுங்க என்றேன். அய்யா, நீங்க சாயங்காலம் செய்யற மாதிரியே மெயினை இறக்குங்க என்றேன். இறக்கினார். பழக்க தோஷம், ஒரு கும்பிடும் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து மேலே தள்ளச் சொன்னேன். பட்டனை அமுக்கினேன். கறுப்புத் திரை, இரண்டு வரி, எஃப் ஒன். உள்ளே போய் அந்த வரியைத் திறந்தேன். டிசேபிள்டு. கலாமணி ஆறடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

விளக்கினேன். பயாஸ் செட்டிங்கை மறக்காமல் வைத்திருக்கக் கம்ப்யூட்டருக்குள் காசு அளவில் ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. கரண்டு இருக்கும்வரை அதற்கு வேலையே இல்லை. மெயினை இறக்கினால்தான் அதற்கு வேலை. வருஷக்கணக்காக ஓடிய கம்ப்யூட்டரில் அந்த பேட்டரிக்குக் கடைசி மூச்சுதான் மிச்சம், என் கடையிலிருந்து இங்கே வந்து சேரும்வரை தாங்கியது, முதல் ராத்திரி மெயின் இறங்கியதும் செத்துவிட்டது. அதனால் மெயின் இறங்கியதும் எல்லாம் மறந்து, ஃபேக்டரி செட்டிங்குக்குப் போய்விடும். அதில் விர்ச்சுவலைசேஷன் ஆஃப். காலையில் அந்த இரண்டு வரி சொல்வதும் இதைத்தான். நந்தகுமார் நெற்றியைத் தட்டிக்கொண்டு, "பேட்டரின்னு எனக்குத் தோணவே இல்லீங்க" என்றார். எனக்கு மட்டும் தோணுச்சா என்றேன். சென்னியப்பன் மெயின் சுவிட்சைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், அப்புறம் கலாமணியைப் பார்த்தார்.

"அப்ப தினமும் ஆஃப் பண்ணுனது நான்தானுங்களா?"

மெயின்

புது பேட்டரி போட்டேன். செட்டிங்கை ஆன் செய்தேன். மெயினை இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கி, ஏற்றிப் பார்த்தோம். கறுப்புத் திரையில் எழுத்து வரவே இல்லை. கலாமணியின் விரல் மட்டும் பழக்கத்தில் எஃப் ஒன் பக்கம் போய்விட்டுத் திரும்பியது. பழைய கம்ப்யூட்டர் புதுசுக்குள் அழகாகத் திறந்தது. எனேபிள்டு. அந்த ஒரு வார்த்தையைப் பார்த்து நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. மனசிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது, அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

நந்தகுமார் தானாகவே போய், தப்பா நெனச்சுட்டேங்க்கா என்று கலாமணியிடம் சொன்னார். டிசைன் கம்பெனிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. சென்னியப்பன் மன்னிப்புக் கேட்டுப் பழகிய ஆள் இல்லை. டீ வாங்கிவரச் சொன்னார். டீ வந்தது. முதல் டம்ளரைத் தன் கையால் கலாமணிக்கு எடுத்துக் கொடுத்தார். பிறகு, அப்பா காலத்திலிருந்து வேறு யாரும் தொடாத அந்த சுவிட்சைக் காட்டி, "அம்மணி, இன்னைல இருந்து பொழுதோட மெயின நீயே எறக்கீரு" என்றார்.

கலாமணி டீயைக் கீழே வைத்தார். இத்தனை நாளாகச் சிரிக்காத முகம் மெதுவாகச் சிரித்தது.

"இப்பத் தெரியுதுங்க. நாளைக்கு ஓடலைன்னா, மறுக்கா என் தலைலயே போடறதுக்குத்தானுங்க?"

ஆகவே என் சக துன்பவாசிகளே, கம்ப்யூட்டரில் விர்ச்சுவலைசேஷன் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதற்கு முன்னால், சாயங்காலம் மெயினை யார் இறக்குகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.